கேமராவின் மூன்றாவது குற்றம்

ஆஸ்டின் டவுன், பெங்களூர்
10 நவம்பர் 2025

ஜோகுபாளையத்துப் பேரரசி, வீடியோ உலகின் விடிவெள்ளி, என் ஒரே அக்காவின் ஒரே மகள் ஆஞ்சலா அவர்களின் சமூகத்துக்கு,

தாய்மாமன் தியோடர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுதிக்கொள்வது.

நீ என்னை வாட்ஸப்பில் பிளாக் செய்து இன்றோடு பதினாறு நாள். நான் அனுப்பிய நாற்பத்தொரு வாய்ஸ் மெசேஜும் ஒற்றை டிக்கோடு வாசலில் நிற்கின்றன. நேரில் வரலாம் என்றால், இங்கிருந்து உன் வீடு நாலே கிலோமீட்டர். ஆனால் டிரினிட்டி சிக்னலைத் தாண்டி நான் வந்து சேரும்போது உனக்குப் பேரன் பிறந்து, அவனுக்கு மீசை முளைத்திருக்கும். உன் அம்மாவைத் தூது போகச் சொன்னேன். "உங்க ரெண்டு பேருக்கும் வாய்ச்செய்தி சுமக்க நான் என்ன புளூடூத்தா? எழுதிக் குடு. கேரியர்ல வெச்சுக் கொண்டுபோறேன்" என்றுவிட்டாள். பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் எனக்குச் சோறு இறக்கிவிட்டு, சாயந்திரம் காலி கேரியரைத் தூக்கிப் போகிற டீச்சரம்மாவிடம் இதற்கு மேல் வாதாட முடியுமா? ஆகவே இது மேல் அடுக்கில் வருகிறது. ரசம் வாசனை அடித்தால் மன்னிக்கவும்.

விஷயம் இதுதான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நாம் இருவரும் சேர்ந்து கல்யாணப் படத் தொழிலைத் தொடங்கி லென்ஸ் நீங்கலாக அந்தக் கேமரா பாடியை வாங்கிய அன்றே ஒரு சட்டம் போட்டோம். வெறும் ஆசைக்காகப் புது பாடி வாங்கக் கூடாது. கைநழுவிப் போன ஒவ்வொரு படத்துக்கும் யார் குற்றவாளி என்று நோட்டில் எழுத வேண்டும்: கேமராவா, லென்ஸா, வெளிச்சமா, ஆளா. இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். கேமராவின் பெயரில் மூன்று குற்றம் சேர்ந்தால்தான் அதற்கு ஓய்வு.

இதுவரை லென்ஸ் பதினொன்று. வெளிச்சம் இருபத்தாறு. ஆள் அறுபத்து மூன்று (அதில் சில நீயும்கூட). கேமரா இரண்டே இரண்டு. ஒன்று, ருக்மிணி மேடம் வீட்டு கிரகப்பிரவேசத்தில் கரண்ட் போய், குத்துவிளக்கு வெளிச்சத்தில் அதற்கு ஃபோகஸே கிடைக்காமல் போனது. இரண்டு, உஷா-அஷ்வின் ரிசப்ஷனில் மெமரி கார்டு செத்து, இரண்டாவது கார்டு போட இடமில்லாததால் முக்கால் மணி நேரப் படங்கள் மொத்தமாகப் போனது.

இப்போது மூன்றாவது. அக்டோபர் 25. சிவாஜிநகர் டெய்லர் மதலைமுத்துவின் மகள் அன்னாவுக்கும் டிரேவருக்கும் கல்யாணம். மருதாணியோ என்னவோ, விரல் வீங்கி மோதிரம் பாதியில் நின்றுவிட்டது. கோயிலே மூச்சை அடக்கிக்கொண்டது. மதலைமுத்து முதல் வரிசையிலிருந்து எழுந்து போனான். தன் தலையில் கை வைத்துத் தேங்காயெண்ணெயை வழித்தான். மகள் விரலில் பூசினான். மோதிரம் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. ஆதாம் ஏவாள் காலம் முதல் இப்படி ஒரு காட்சி எந்தக் கேமரா முன்னாலும் வந்து நின்றதில்லை. ஒன்பது தடவை அழுத்தினேன். ஒன்பதும் கலங்கல். கழனித் தண்ணீரில் முகம் பார்த்த மாதிரி.

ஷட்டர் மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரம் தடவை திறந்து மூடிவிட்டது. ஒன்றரை லட்சத்துக்குத்தான் தாங்கும் என்று சொல்லி விற்றார்கள். அது கிழம். குற்றம் அதனுடையது. நோட்டையும் இதோடு அனுப்புகிறேன். கையெழுத்துப் போட்டு அனுப்பு.

இப்படிக்கு,
நீதிக்காகத் தாகமாயிருக்கும்
தியோடர் மாமா

பி.கு: ரிசப்ஷனில் மதலைமுத்து படத்தைக் கேட்டபோது "என் மருமக கஞ்சம், புதுசு வாங்க விடமாட்டேங்கிறா" என்று நான் சொன்னதை நீ ஏன் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறாய்? நாலு பேர் காதில்தான் விழுந்தது. நானூறு பேர் என்கிறாள் உன் அம்மா. பக்கத்தில் மைக் ஆன் ஆகியிருந்தது என் குற்றமா?

*

ஜோகுபாளையம்
12 நவம்பர்

மாமா,

கையெழுத்துப் போடவில்லை. நோட்டு என்னிடமே இருக்கட்டும்.

படங்களை வரிசையாகப் பார்த்தேன். மோதிரத்துக்கு முன்னால் எடுத்தது, சாமியார் கையில் மோதிரத் தட்டு: ஊசி முனை மாதிரி தெளிவு. அதற்குப் பின்னால், அன்னா கையெழுத்துப் போடுவது: பேனா நிப் வரைக்கும் தெளிவு. அதே லென்ஸ், அதே வெளிச்சம், அதே ஷட்டர் வேகம். நடுவில் நாற்பது விநாடி மட்டும் கேமராவுக்குப் பைத்தியம் பிடித்து, அப்புறம் தானாகத் தெளிந்துவிட்டதா?

நான் பாடகர் குழு நிற்கிற மாடியிலிருந்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன், ஞாபகம் இருக்கிறதா? மதலைமுத்து அங்கிளின் முதுகு மறைத்ததால் விரலும் எண்ணெயும் எனக்கும் கிடைக்கவில்லை. ஆனால் நீங்கள் கிடைத்தீர்கள். பின்னாலிருந்து. தோள் இரண்டும் குலுங்குகிறது. ஒரு தடவை இல்லை, அந்த நாற்பது விநாடியும்.

சிரித்திருக்கிறீர்கள்.

அவர் தலை எண்ணெயைப் பற்றி நீங்கள் அடிக்கிற ஜோக் எனக்குத் தெரியாதா? எங்கே பார்த்தாலும் "மதலை, இன்னிக்கு உன் தலையில வடையா பஜ்ஜியா?" என்பீர்கள். ஆனால் கோயிலில், ஒரு அப்பா மகளுக்காக அப்படி நிற்கும்போதா? அதையும் செய்துவிட்டுப் பழியைக் கேமரா மேல் போட்டு, கஞ்சம் என்று மைக்கில் என் பெயரையும் சொன்னீர்கள். அன்னா முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. சாப்பிடாமல் வந்தேன்.

இன்னொன்று. இந்திராநகரில் ஒரு பெரிய வெட்டிங் கம்பெனியில் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். பதினோரு பேர் டீம். ஆளுக்கு ஒரு புது பாடி. இந்தச் சனிக்கிழமை ஒரு கல்யாணத்தில் என்னைப் பரீட்சை பார்க்கிறார்கள். 28ஆம் தேதி வெள்ளிக்குள் நான் பதில் சொல்ல வேண்டும்.

ஆஞ்சலா

*

ஆஸ்டின் டவுன்
14 நவம்பர்

அருமை மருமகளே,

கடிதத்தைப் படித்ததும் கையிலிருந்த சோறு தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் முக்கால் மணி நேரம் அந்தரத்தில் நின்றது. உன் அம்மா சாட்சி.

தோள் குலுங்கியதா? குலுங்காதா? அன்று பாடகர் குழு பிடித்த உச்சஸ்தாயியில் கோயில் தூண்களே ஒரு அடி தள்ளி நின்றன. சாம்பிராணிப் புகை வேறு. அதில் நான் தும்மியிருக்கலாம். தும்மலை அடக்கியிருக்கலாம். அடக்கிய தும்மல் தோள் வழியாக வெளியேறுவது மருத்துவ உலகம் அறிந்த உண்மை.

பதினோரு பேர் டீம்! அத்தனை பேரும் ஒரே கறுப்புச் சட்டை போட்டு, காதில் ஒயர் மாட்டிக்கொண்டு, மணமகளைத் தீவிரவாதி மாதிரி சுற்றி வளைப்பார்களே, அவர்களா? அங்கே உனக்குப் பசித்தால் யார் பந்தியில் இடம் பிடித்து வைப்பார்கள்? மட்டன் பீஸை யார் பொறுக்கிப் போடுவார்கள்?

போ. போய் எடு. நான் தடுக்கவில்லை. தடுக்க நான் யார், வெறும் தாய்மாமன்.

தியோடர்

*

ஜோகுபாளையம்
17 நவம்பர்

மாமா,

சனிக்கிழமை வேலை நன்றாக நடந்தது. பாடி பிரமாதம். கையில் கனமே இல்லை. சத்தமும் இல்லை, எடுத்தது சாமியாருக்கே தெரியாது. வேலை எனக்குத்தான் என்று சொல்லிவிட்டார்கள்.

தும்மலைப் பற்றி நீங்கள் எழுதியதை மூன்று தடவை படித்தேன். நான் கேட்டது ஒன்றே ஒன்று. சிரித்தீர்களா இல்லையா?

ஒரு வரி போதும்.

ஆஞ்சலா

*

ஆஸ்டின் டவுன்
19 நவம்பர்

ஆஞ்சி,

சிரிக்கவில்லை. அழுதேன்.

ஒரு வரி கேட்டாய், எழுதிவிட்டேன். ஆனால் ஒரு வரியோடு நிறுத்துகிற ஜாதியா நான்?

அது சாதாரண அழுகை இல்லை. அல்சூர் ஏரி கரை உடைத்தது. வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்தால் ஒரே தண்ணீர், மீன்தான் தெரியவில்லை. ஃபோகஸ் யார் மேல் விழுகிறது என்று தெரியவில்லை. கை ஆடியது. அழுத்தினேன், அழுத்தினேன், எதை அழுத்தினேன் என்று கடவுளுக்கே தெரியாது.

முப்பது வருஷமாக அந்த எண்ணெய்த் தலையை ஓட்டியவன் நான். உனக்குத் தெரியும். அன்று அந்தத் தலையில் அவன் கையை வைத்ததும், டேய் மதலை, இதற்காகவாடா இத்தனை நாள் தடவினாய் என்று எனக்குள் என்னவோ ஆகிவிட்டது. அவ்வளவுதான். அதற்குமேல் கேட்காதே.

இந்த வட்டாரத்தில் நானூறு கல்யாணம் எடுத்தவன், ஐம்பத்தாறு வயது, நூற்றுப் பதினெட்டுக் கிலோ. "அழுதேன், அதனால படம் போச்சு" என்று ரிசப்ஷனில் பிரியாணித் தட்டோடு நின்று எப்படிச் சொல்வேன்? கேமராவுக்கு வாய் இல்லை. உனக்கு உண்டு, ஆனால் நீ அந்தப் பக்கம் வயர் சுருட்டிக்கொண்டிருந்தாய். அதனால் உங்கள் இரண்டு பேர் மேலும் போட்டேன்.

நேற்று சிவாஜிநகர் போனேன். மதலைமுத்து ஒரு பள்ளிக்கூடச் சீருடைக்குக் காலர் தைத்துக்கொண்டிருந்தான். நின்றபடியே சொன்னேன். மெஷினை நிறுத்தினான்.

"பெத்தவன் நானே அழல. நீ எதுக்குடா அழுத?"

"தெரியலடா."

"அந்த எண்ணெய்ப் படம்?"

"போயிடுச்சு. ஒன்பதும்."

மறுபடி மெஷினை மிதித்தான். ஒரு காலர் முழுசாகத் தைத்து முடித்தான். நானும் நின்றுகொண்டே இருந்தேன். அப்புறம் நூலைக் கடித்துத் துப்பிவிட்டுச் சொன்னான்: "போனது போனதுதான், விடு. ஆனா அந்தப் பொண்ணு மேல ஏன்டா பழி போட்ட? மைக்லதான சொன்ன? மைக்லயே திருப்பிச் சொல்லு."

வருகிற ஞாயிறு கிறிஸ்து அரசர் திருவிழா. பூசை முடிந்து பங்கு மண்டபத்தில் எல்லோருக்கும் டிபன். அங்கே மைக் உண்டு. சொல்கிறேன்.

நோட்டில் 'ஆள்' என்று நீயே எழுதி, என் பெயரையும் போட்டுக்கொள். கேமரா நிரபராதி. சட்டப்படி புது பாடி கிடையாது.

அந்த வேலை நல்ல வேலை என்றால் எடுத்துக்கொள், ஆஞ்சி. இதில் கிண்டல் இல்லை.

மாமா

*

ஜோகுபாளையம்
24 நவம்பர்

மாமா,

அம்மா நேற்று இரவுச் சாப்பாட்டையே மறந்துவிட்டு நடித்துக் காட்டினாள். "என் மருமகள் கஞ்சம் அல்ல, கஞ்சம் அல்ல, கஞ்சம் அல்ல" என்று மூன்று தடவை சொன்னீர்களாம். மூன்றாவது தடவை கூட்டமும் சேர்ந்து சொல்லியதாம். அதோடு நிறுத்தாமல், "நான் அழுதேன், நல்லா அழுதேன், அன்னா மன்னிக்கணும்" என்றீர்களாம். சாமியார் இட்லியை வைத்துவிட்டுக் கைதட்டினாராம். இதில் எவ்வளவு நிஜம், எவ்வளவு உங்கள் அக்காவின் கைவண்ணம் என்று தெரியவில்லை. உங்கள் குடும்பத்தில் யார் பேச்சையும் பாதியாகக் குறைத்துத்தான் கேட்க வேண்டும். ஆனாலும் அன்னா எனக்குப் போன் செய்தாள். அது நிஜம்.

நீங்கள் சிரித்தீர்கள் என்று நான் எழுதியது தப்பு. மன்னித்துக்கொள்ளுங்கள்.

இப்போது என் முறை. சனிக்கிழமை வேலை நன்றாக நடந்தது என்று எழுதினேனே, பொய். புது பாடி ஆளின் கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும். பிடித்தது. யார் கண்ணை? பீடத்துக்குப் பின்னால் நின்ற சூசையப்பர் சொரூபத்தின் கண்ணை. தாலி கட்டுகிற நேரத்தில் பதினாலு படம் எடுத்தேன். பதினாலிலும் சூசையப்பர் கண்ணிமை வரைக்கும் துல்லியம், மாப்பிள்ளை வெறும் புகை. பக்கத்தில் நின்ற ஆள் எடுத்த படம் இருந்ததால் தப்பித்தேன். "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டார்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கேமரா புதுசு சார்." வாய் இல்லாத ஜீவன் மேல் பழி. உங்கள் ரத்தம்தானே.

மறுநாளே கம்பெனிக்குப் போய் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து அந்தப் பாடியின் மெனுவைப் படித்தேன். திரையில் விரலால் ஒரு முகத்தைத் தொட்டால் போதும். அப்புறம் அது அந்த முகத்தை விடவே விடாது. ஆள் நகர்ந்தாலும், நாம் நகர்ந்தாலும், கை ஆடினாலும். சோதித்துப் பார்க்க வேண்டுமென்றே கையை ஆட்டி எடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டும் எடுத்தேன். தெளிவாக வந்தது.

அப்போதுதான் தோன்றியது. நம் சட்டம் தப்பு, மாமா.

கேமரா மூன்று குற்றம் செய்யட்டும் என்று காத்திருக்கிறோம். ஒவ்வொரு குற்றத்துக்கும் தண்டனை யாருக்கு? ருக்மிணி மேடத்துக்கு. உஷாவுக்கு. மூன்றாவது குற்றத்துக்காக இன்னொரு வீட்டுக் கல்யாணத்தைப் பலி கொடுத்த பிறகுதான் கடைக்குப் போவோமா? பழையது எப்போது சாகும் என்று பார்ப்பதில் அர்த்தமில்லை. நம்மால் முடியாத எதைப் புதியது செய்து கொடுக்கும் என்று பார்க்க வேண்டும்.

நீங்கள் இனிமேலும் அழுவீர்கள். ஜனவரியில் எட்டுக் கல்யாணம் இருக்கிறது. எட்டிலும் ஒரு அப்பா இருப்பார். 'ஆள்' என்று எழுதி மூடிவைத்துவிட்டால் ஆள் மாறிவிடுவாரா? ஆள் இப்படித்தான் என்றால், அழுகிற ஆளுக்கும் படம் எடுத்துக் கொடுக்கிற கேமராதான் நமக்கு வேண்டும்.

கம்பெனிக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. வெள்ளி வரை நேரம். சட்டத்தை மாற்றுவீர்களா?

ஆஞ்சலா

*

ஆஸ்டின் டவுன்
26 நவம்பர்

சட்ட மேதையே, சூசையப்பரின் தனிப்பட்ட புகைப்படக் கலைஞரே,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு மாமரத்திலிருந்து இரண்டு காக்கை இடம் பெயர்ந்துவிட்டன. பதினாலிலும் சூசையப்பரா! அவருக்கே அனுப்பிவைத்திருக்கலாம். இரண்டாயிரம் வருஷத்தில் ஒரு நல்ல போட்டோ இல்லாமல் இருக்கிறார் மனுஷன்.

ஆனால் முதலில் என் எதிர்ப்பைப் பதிவு செய்கிறேன். நான் இனிமேல் அழ மாட்டேன். நேற்று முதல் பயிற்சி எடுக்கிறேன். வெங்காயம் நறுக்கினேன், அழவில்லை. அப்புறம் மதலைமுத்து போன் செய்து, அன்னா புகுந்த வீட்டோடு போய்விட்டாள், மெஷின் சத்தம்தான் துணை என்றான். பயிற்சி ரத்து.

இரண்டாவது எதிர்ப்பு: ஒரு வருஷமாக புதுசு வேண்டும் என்று குதித்தவன் நான். வேண்டாம் என்று நோட்டைக் காட்டியவள் நீ. இப்போது நீ வேண்டும் என்கிறாய், நான் என் நிரபராதியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பிடிமானம் தேய்ந்து என் விரல் தடம் மட்டும் அதில் பள்ளமாக இருக்கிறது. குற்றமில்லாதவனை எப்படி வெளியே அனுப்புவது?

ஆனாலும் போனேன். வாடகைக்குக் கொடுக்கிற கடையில் அதே மாடலை ஒரு நாளைக்கு எடுத்தேன். சிவாஜிநகர் மார்க்கெட்டில் நின்று சோதித்தேன். கறிக்கடை வாசலில் தொங்கின ஆட்டுத்தலையின் கண்ணைக் கப்பென்று பிடித்தது. கடைக்காரர் "ஏன் பாய், ஆட்டுக்குக் கல்யாணமா?" என்றார். அப்புறம் நீ சொன்ன மாதிரி விரலால் தொட்டேன். மதலைமுத்து கடையின் அந்த நாற்பது வாட் இருட்டில், அவன் ஊசி கோக்கிறதை எடுத்தேன். அவன் தும்மினான், நான் தும்மினேன், பின்னால் ஒரு ஆட்டோ என்னை இடித்தது. ஊசியின் காது தெரிகிறது, ஆஞ்சி. காதுக்குள் நுழைகிற நூலும் தெரிகிறது.

அவனிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தான். "இது அன்னிக்கு இருந்திருந்தா?" என்றான். நான் கேமராவை மறுபடி பைக்குள் வைத்தேன்.

ஆகவே சட்டம் திருத்தப்படுகிறது. இனி நம் நோட்டில் எழுத வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: அந்த வீட்டுக்கு எந்தப் படம் கிடைக்காமல் போகும்? பழையவனை விற்க வேண்டாம், இரண்டாவது ஆளாக இருக்கட்டும். ஜனவரிக்கு முன்னால் புதுசு வாங்கிவிடலாம். வருகிற சனிக்கிழமை, கிறிஸ்துமஸ் வரை கல்யாணம் நடக்காத திருவருகைக் காலத்துக்கு முந்தின கடைசிக் கல்யாணத்துக்கு, நாம் வாடகைக்கே எடுத்துக்கொள்வோம்.

'நாம்' என்று எழுதிவிட்டேன். அடிக்கவில்லை. அடித்தால் நீ கண்டுபிடித்துவிடுவாய். அந்தக் கம்பெனி பெரிய கம்பெனி என்று எனக்குத் தெரியும். அங்கே உன்னை மைக்கில் யாரும் அவமானப்படுத்த மாட்டார்கள் என்பதும் தெரியும். நானும் இனிமேல் மாட்டேன். நீ இல்லாமல் எனக்குச் சனிக்கிழமை போகத் தெரியாது. அவ்வளவுதான்.

தியோடர் மாமா

*

ஜோகுபாளையம்
27 நவம்பர்

மாமா,

கம்பெனிக்கு இன்று காலையே மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார்கள். வேறு இடத்தில் ஏற்கெனவே வேலையில் இருக்கிறேன் என்றேன்.

சனிக்கிழமை வாடகை பாடியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். பீடத்துக்குப் பக்கத்தில் நிற்கப்போகிறவர் நீங்கள். பழையது எனக்கு, மாடியில் வீடியோவை ஸ்டாண்டில் ஓடவிட்டுவிட்டு நானும் கீழே வந்து இடது பக்கத் தூண் ஓரம் நிற்பேன். முகத்தை விரலால் தொடுங்கள், அப்புறம் பச்சைக் கட்டம் வருகிறதா என்று மட்டும் பாருங்கள். மற்றதை அது பார்த்துக்கொள்ளும். கைக்குட்டை இரண்டு எடுத்து வாருங்கள்.

பூசை எட்டு மணிக்கு. ஏழரைக்குக் கோயில் வாசலில் இருப்பேன். பிளாக்கை எடுத்துவிட்டேன், வாய்ஸ் மெசேஜ் அனுப்ப வேண்டாம், இதற்குப் பதிலும் எழுத வேண்டாம். வந்து நில்லுங்கள்.

ஆஞ்சி